சாமைக்குச் சொந்த மில்லா, கூலி அரவையா? எந்த அரசு உதவி எந்தக் கணக்குக்குப் பொருந்தும்

சிறுதானிய உமி நீக்கும் யூனிட் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தத் திட்டத்தில் மானியம் அதிகம்?" என்பதுதான். மானிய சதவீதத்தை மட்டும் ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். ஆனால் சாமை, தினை, வரகு, குதிரைவாலி மில்கள் இயந்திரம் வாங்கப் பணமில்லாமல் நின்றுபோவதைவிட, அறுவடை நேரத்தில் தானியம் வாங்கப் பணமில்லாமல் நின்றுபோவதே அதிகம். ஆகவே ஒவ்வொரு திட்டத்தையும் மூன்று கேள்வி வைத்துப் பார்ப்போம்: இயந்திரத்துக்கு எவ்வளவு தருகிறது, கொள்முதலுக்கு எவ்வளவு தருகிறது, அந்தப் பணம் எப்போது கைக்கு வருகிறது.

பேச வசதியாக ஒரு மாதிரி யூனிட்டை எடுத்துக்கொள்வோம். சாமை விளையும் ஜவ்வாது மலையடிவாரத்திலோ கொல்லிமலைப் பக்கமோ, மணிக்கு 200 கிலோ உமி நீக்கும் ஒரு யூனிட். கல் நீக்கி, அளவு பிரிக்கும் கிரேடர், உமியைக் கழற்றும் டீஹல்லர், உமியை உறிஞ்சும் ஆஸ்பிரேட்டர், பேக்கிங் இயந்திரம் எல்லாம் சேர்த்து 8 லட்சம். தளம், தூசி அறை, திரீ ஃபேஸ் வயரிங் 2 லட்சம். தானியம் வாங்கவும் அன்றாடச் செலவுக்குமான நடைமுறை மூலதனம் 5 லட்சம். மொத்தம் 15 லட்சம். உங்கள் ஊர் கொட்டேஷன் வேறாக இருக்கும். எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள், கணக்கின் போக்கு மாறாது.

மில் போடாமலே தொடங்குவது

இதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. ஆண்டுக்கு 60 டன் சாமை அரைப்பதாகத் திட்டமிட்டால், மாதம் 5 டன், நாளுக்கு 200 கிலோ. அதாவது மணிக்கு 200 கிலோ அரைக்கும் இயந்திரம் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் ஓடும். மீதி நேரமெல்லாம் தவணை மட்டும் ஓடும்.

சொந்த மில்லில் இரண்டு ஆட்களுக்கு ஆண்டுக்கு 2.4 லட்சம், கடன் தவணை சுமார் 1.4 லட்சம், மின்சாரம் கிலோவுக்கு ஒரு ரூபாய் என்று வைப்போம். வேறொருவர் மில்லில் கூலிக்கு அரைத்தால் அரவையும் ஏற்றி இறக்கும் வண்டிச் செலவும் சேர்ந்து கிலோவுக்கு 8 ரூபாய், பேக்கிங்குக்கு ஓர் ஆள் 1.2 லட்சம். இரண்டும் சமமாகும் இடம் ஆண்டுக்கு ஏறத்தாழ 37 டன். அதற்குக் கீழே அரைப்பவருக்கு, மானியம் கழித்த பிறகும் சொந்த மில் நட்டம்தான். 20 டன்னில் தொடங்குபவர் முதல் இரண்டு பருவத்தையும் கூலி அரவையில் ஓட்டி, வாடிக்கையாளரைச் சேர்த்துவிட்டு, பிறகு கடனுக்குப் போவது நல்லது. வங்கிக்கும் அந்த இரண்டு வருட விற்பனைக் கணக்கு, எந்தத் திட்ட அறிக்கையையும்விட நம்பிக்கை தரும்.

கூலி அரவையில் ஒரு சிக்கல் கலப்படம். முந்தைய வாடிக்கையாளரின் தினை டீஹல்லருக்குள் தங்கியிருந்தால் உங்கள் சாமை அரிசியில் மஞ்சள் மணிகள் தெரியும். முதல் பத்துப் பதினைந்து கிலோவைத் தனியாகப் பிடித்து ஒதுக்கிவிட வேண்டும். உமி, தவிடு யாருக்கு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மாட்டுத் தீவனமாக அது விலைபோகும். பாக்கெட்டில் உங்கள் பெயர் போட்டு விற்பதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ உங்கள் பெயரிலும் தேவை, அரைத்துத் தரும் மில்லுக்கும் தேவை. மில்லுக்கு இல்லையென்றால் லேபிளில் "தயாரித்தவர்" என்ற இடத்தில் சட்டப்படி எதுவும் எழுத முடியாது.

உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டம் (பி.எம்.எஃப்.எம்.இ.)

2020-இல் மத்திய அரசு தொடங்கியது. செலவில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு. தனிநபர் யூனிட்டுக்குத் தகுதியுள்ள திட்டச் செலவில் 35% மானியம், உச்சவரம்பு 10 லட்சம். சொந்தப் பணம் குறைந்தது 10%. "தகுதியுள்ள செலவு" என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிலம், வாடகை, நடைமுறை மூலதனம் எதுவும் அதில் சேராது. கட்டட வேலையும் தகுதிச் செலவில் 30% வரைதான். ஆகவே நம் மாதிரி யூனிட்டில் 15 லட்சத்துக்கு மானியம் கிடையாது, 10 லட்சத்துக்குத்தான். 3.5 லட்சம் வரும். சொந்தப் பங்கு 1 லட்சம், தவணையில் கட்டும் டெர்ம் லோன் 9 லட்சம்.

அந்த 3.5 லட்சமும் கையில் வராது. வங்கியில் உங்கள் பெயரில் தனிக் கணக்கில் மூன்று ஆண்டு இருக்கும். அந்தத் தொகைக்கு நிகரான கடனுக்கு வட்டி போடமாட்டார்கள். மூன்றாண்டு முடிவில் கடன் ஒழுங்காக இருந்து, யூனிட் ஓடிக்கொண்டிருந்தால் கடனில் கழிப்பார்கள். இடையில் கணக்கு வாராக்கடனானால் மானியம் போய்விடும். அதனால் மானியத்தைக் கையில் வரும் பணமாக எண்ணித் திட்டம் போடுவது தவறு. மூன்று வருட வட்டிச் சலுகையும் கடைசியில் ஒரு தள்ளுபடியும் என்று எண்ணிக்கொள்வதே சரி.

இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே மாவு மில்லோ சிறு அரவை மில்லோ வைத்திருப்பவர் விரிவுபடுத்தவும் இதை வாங்கலாம். மாவட்ட வள நபர் ஒருவர் விண்ணப்பம், திட்ட அறிக்கை, வங்கித் தொடர்பு எல்லாவற்றுக்கும் உதவுவார். அவருக்குக் கடன் ஒப்புதலுக்கு இவ்வளவு என்று அரசே ஊதியம் தருகிறது. உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. மாவட்டத்துக்கு ஒரு விளைபொருள் என்ற பட்டியலில் (ஈரோட்டுக்கு மஞ்சள், கிருஷ்ணகிரிக்கு மாம்பழம் என்பது போல) உங்கள் பொருள் இல்லையே என்று திரும்பி வர வேண்டாம். பட்டியலுக்கு வெளியே உள்ள பொருள்களும் ஏற்கப்படுகின்றன. தொழில்நுட்பப் பயிற்சிக்கு நாடு முழுமைக்குமான முதன்மை நிறுவனங்களில் ஒன்று நம் தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம்.

மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு இதே திட்டத்தில் இன்னொரு வழி உண்டு. உணவு பதப்படுத்தும் உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி, குழுவுக்கு அதிகபட்சம் 4 லட்சம். இது குழுக் கூட்டமைப்பு வழியாகக் கடனாக வரும். நடைமுறை மூலதனத்துக்கும் சிறு கருவிக்கும்தான். அதாவது, முதன்மைத் திட்டம் எதை விட்டுவிட்டதோ அந்தக் கொள்முதல் பணத்தை இது தருகிறது. பத்துப் பெண்கள் உள்ள குழு 4 லட்சத்தை வைத்துக் கிலோ 40 ரூபாய்க்கு 10 டன் சாமை வாங்கிக் கூலிக்கு அரைத்து விற்றால், முதல் வருடத்தில் மில்லே தேவைப்படாது. நம் கருத்தில், இந்தத் திட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாமல் கிடக்கும் பகுதி இதுதான்.

பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் (பி.எம்.இ.ஜி.பி.)

2008 முதல் உள்ளது. உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவு 50 லட்சம் வரை. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25%, பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்களுக்கு 35%. நகரத்தில் முறையே 15, 25. சொந்தப் பங்கு பொதுப் பிரிவுக்கு 10%, சிறப்புப் பிரிவுக்கு 5%.

முந்தைய திட்டத்தோடு உள்ள பெரிய வித்தியாசம்: நடைமுறை மூலதனமும் திட்டச் செலவில் சேர்கிறது. கிராமத்துப் பெண் ஒருவர் இதே 15 லட்ச யூனிட் போட்டால் மானியம் 5.25 லட்சம், சொந்தப் பங்கு 75,000. பி.எம்.எஃப்.எம்.இ.-யைவிட 1.75 லட்சம் அதிகம், கைப்பணமும் குறைவு. கிராமத்துப் பொதுப் பிரிவு ஆணுக்கு 3.75 லட்சம், வித்தியாசம் கால் லட்சம்தான், சொந்தப் பங்கு 1.5 லட்சமாக ஏறிவிடுகிறது. நகராட்சி எல்லைக்குள் ஷெட் வைத்திருக்கும் பொதுப் பிரிவினருக்கு 2.25 லட்சம், அவருக்கு பி.எம்.எஃப்.எம்.இ. மேல்.

இந்த மானிய விகிதம் புதிய யூனிட்டுக்கு மட்டும்தான். வேறு அரசு மானியம் ஏற்கெனவே வாங்கிய யூனிட்டுக்குக் கிடையாது, குடும்பத்துக்கு ஒன்றே ஒன்று. 10 லட்சத்துக்கு மேற்பட்ட உற்பத்தித் திட்டத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். மானியம் இங்கும் மூன்றாண்டு பூட்டப்பட்டிருக்கும்.

நடைமுறை மூலதன விதி ஒன்றைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மூன்றாண்டுக்குள் கேஷ் கிரெடிட் (தேவைக்கு எடுத்துக் கட்டும் நடைமுறை மூலதனக் கடன்) வரம்பு ஒரு முறையாவது முழுவதும் பயன்பட்டிருக்க வேண்டும். பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் அந்த விகிதத்துக்கு மானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மானியம் கூடட்டும் என்று நடைமுறை மூலதனத்தை 5-இலிருந்து 6 லட்சமாக ஏற்றி எழுதச் சொல்லும் ஆலோசகர்கள் இந்த விதியைச் சொல்வதில்லை. அறுவடைக் காலத்தில் வரம்பை முழுக்க எடுத்து, பிறகு இருப்புக் கரையக் கரையக் கட்டும் பருவத்தொழிலுக்கு, உண்மையில் பயன்படும் தொகையை மட்டும் கேட்பதே பாதுகாப்பு.

மாநிலத் திட்டங்கள்

வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் (யு.ஒய்.இ.ஜி.பி.) உற்பத்தித் தொழிலுக்கு 15 லட்சம் வரை, மானியம் 25%, உச்சம் 3.75 லட்சம். எட்டாம் வகுப்புப் படிப்பும் குடும்ப வருமான வரம்பும் வயது வரம்பும் உண்டு. பி.எம்.இ.ஜி.பி.-யில் 35% கிடைப்பவர் இங்கே வர வேண்டியதில்லை. புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம் பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு: 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை, 25% மானியத்தோடு 3% வட்டிச் சலுகை. படித்த இளைஞர் 15 லட்சத்துக்குப் பதில் 40 லட்சத்தில் அவல், சத்துமாவு, நூடுல்ஸ் வரை போவதாக இருந்தால் இதுதான் வழி.

ஆனால் ஜவ்வாது மலை, கொல்லிமலை என்றால் பேச்சே வேறு. அங்கே சாமை விளைவிப்பவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35% மானியம் (1.5 கோடி வரை), 6% வட்டிச் சலுகை தருகிறது. மானியமே முதலீட்டாளர் பங்காக எடுத்துக்கொள்ளப்படுவதால், கைப்பணம் இல்லை என்ற காரணத்தால் வங்கி வாசலிலேயே நிற்பவருக்கு இது மட்டும்தான் திறக்கும். நடப்பில் உள்ள யூனிட்டை விரிவாக்கவும் தருவார்கள். பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ மேலே சொன்ன வேறு திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும். ஏனெனில் ஒரு முறை ஒரு மூலதன மானியம் வாங்கிவிட்டால், அதே யூனிட்டுக்கு இன்னொன்றின் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

வேளாண் உள்கட்டமைப்பு நிதி

இது மானியம் அல்ல, வட்டிச் சலுகை. 2 கோடி வரையிலான கடனுக்கு 3%, ஏழு ஆண்டு வரை. வங்கி வாங்கும் வட்டிக்கும் 9% என்று வரம்பு உண்டு. சுத்தம் செய்தல், தரம் பிரித்தல், உமி நீக்குதல், மாவு அரைத்தல் போன்ற முதல்நிலைப் பதப்படுத்துதலுக்குக் கிடைக்கும். முறுக்கும் பிஸ்கட்டும் மட்டும் போடுகிறேன் என்றால் கிடைக்காது. 9 லட்சம் கடனை ஏழு சம ஆண்டுத் தவணையில் கட்டினால், சலுகையின் மொத்த மதிப்பு 1.08 லட்சம். தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. ஆனால் பி.எம்.எஃப்.எம்.இ.-யோடு சேர்த்து வாங்க அனுமதி உண்டு. கடன் ஒப்புதலுக்கு முன்பே இரண்டு விண்ணப்பத்தையும் வங்கியிடம் சொல்லுங்கள். கடன் கொடுத்து முடித்த பிறகு கிளை மேலாளர் பின்னோக்கிச் சேர்த்துத் தருவார் என்று நம்பி இருக்க வேண்டாம்.

கொள்முதல் பணம் எங்கிருந்து வரும்

சிறு தொழிலுக்கு வங்கிகள் வழக்கமாக, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20% நடைமுறை மூலதனமாகத் தரும். 5% நீங்கள் போட வேண்டும். இந்தக் கணக்கு மூன்று மாதச் சுழற்சியை மனதில் வைத்தது. நம் யூனிட் 60 டன் சாமையிலிருந்து 65% அரிசி எடுத்து 39 டன்னைக் கிலோ 80 ரூபாய்க்கு விற்றால், விற்பனை 31.2 லட்சம். வங்கி தருவது சுமார் 6.2 லட்சம், அதாவது 15 டன் சாமை. மூன்று மாத அரவை. சாமையோ ஆண்டுக்கு ஒரு பருவம். நான்காம் மாதத்திலிருந்து வியாபாரியின் கிடங்கிலிருந்து, அவர் சொல்லும் விலைக்கு வாங்க வேண்டிவரும். திட்ட அறிக்கையில் 12 மாதமும் 40 ரூபாய் என்று எழுதியிருப்பார்கள்.

இதைத் தாண்ட இரண்டு வழி. ஒன்று, விவசாயியின் சாமையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைக்கச் செய்து, அந்த இருப்பையே ஈடாக வைத்து அவருக்குப் பொருளீட்டுக் கடன் கிடைக்க வழி செய்வது. பொருளின் மதிப்பில் 75% வரை, 180 நாளுக்குக் குறைந்த வட்டியில் தருகிறார்கள். விவசாயிக்கு அவசரப் பணம் கிடைத்துவிடும். மில் மாதம் ஐந்து டன்னாக எடுத்துப் பணம் கட்டும். விலையை முன்கூட்டியே எழுத்தில் பேசவில்லை என்றால் ஐந்தாம் மாதத்தில் தகராறு வரும்.

இரண்டு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். நாடு முழுக்க இத்தகைய 10,000 நிறுவனங்கள் அமைக்கும் மத்திய அரசுத் திட்டத்தில் சமவெளியில் 300 பேர், மலைப்பகுதியில் 100 பேர் சேர்ந்தால் போதும் என்று இருந்தது; அந்த 10,000 இலக்கு 2025-இல் எட்டப்பட்டுவிட்டது. மூன்றாண்டு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை, உறுப்பினருக்கு 2,000 வீதம் 15 லட்சம் வரை பங்கு மூலதன மானியம். இந்தப் பங்குப் பணத்துக்கு வட்டி இல்லை, தவணை இல்லை. கொள்முதலுக்கு இதைவிடப் பொருத்தமான பணம் கிடையாது. பொதுப் பயன்பாட்டு மில்லுக்கு பி.எம்.எஃப்.எம்.இ.-யில் 35%, 3 கோடி வரை கேட்கலாம். தடை, மனிதர்கள். நல்ல கணக்காளரும் முழுநேர மேலாளரும் இல்லாத நிறுவனத்தில் 18 லட்சம் தீரும்போது எல்லாம் தீர்ந்துவிடும். ஊரில் ஏற்கெனவே நன்றாக ஓடும் நிறுவனம் இருந்தால் அதில் சேர்ந்து அரைப்பதே, தனி மில்லைவிட நல்ல தேர்வு. இல்லாத ஊரில், மில் வேண்டும் என்பதற்காக மட்டும் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டாம்.

மானியத்தைவிடப் பெரிய எண்

மேற்சொன்ன கணக்கில் தானியச் செலவு 24 லட்சம், விற்பனை 31.2 லட்சம். இடைவெளி 7.2 லட்சம். அதில் கூலி, மின்சாரம், பேக்கிங், வண்டி, வட்டி, தவணை எல்லாம் போனால் கையில் நிற்பது ஒரு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட. இப்போது அரிசி 65-இலிருந்து 60 சதவீதமாகக் குறைந்தால்? 3 டன் அரிசி, 2.4 லட்சம் ரூபாய், ஒவ்வோர் ஆண்டும். மூன்றாண்டு காத்திருந்து வாங்கும் 3.5 லட்சம் மானியம் ஒன்றரை ஆண்டில் நொய்யாகவும் தவிடாகவும் போய்விடும்.

இந்த ஐந்து சதவீதம் போவது பெரும்பாலும் மூன்று இடத்தில். தானியத்தின் ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதிகமானால் உமி கழலாமல் சுற்றிச் சுற்றி வரும், அதிகம் காய்ந்தால் நொய்யாகும். ஈரமானி இல்லாமல் கையில் நெரித்துப் பார்த்து வாங்குபவர் முதல் லோடிலேயே இழப்பார். அடுத்து, கிரேடரில் அளவு பிரிக்காமல் பெரிதும் சிறிதுமாக டீஹல்லரில் விடுவது. மூன்றாவது, ஒரே ஓட்டத்தில் முழு உமியையும் கழற்றிவிட வேகத்தைக் கூட்டுவது. உமி நீங்காத மணியைப் பிரித்து இரண்டாம் முறை விடுவதுதான் முறை. உமி அடுக்கு தடித்த வரகுக்கு இது கட்டாயம்.

அரிசியாக்கிய பின் இருப்பு வைப்பதிலும் கவனம் வேண்டும். தவிட்டில் உள்ள கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். உமியோடு உள்ள தானியம் மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே இருப்பைத் தானியமாக வைத்து, ஆர்டருக்கு ஏற்ப அரைக்க வேண்டும். கம்பு மாவு இதில் மோசம், சில வாரத்தில் கசந்துவிடும்.

விண்ணப்பிக்கும்போது

மத்தியத் திட்டங்களில் பி.எம்.எஃப்.எம்.இ.-யும் பி.எம்.இ.ஜி.பி.-யும் 2025-26 நிதியாண்டு வரை ஒப்புதல் பெற்றவை. எனவே அலைச்சலைத் தொடங்கும் முன், இப்போது புதிய விண்ணப்பம் ஏற்கிறார்களா, விதி மாறியிருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வரிசை முக்கியம்: கடன் ஒப்புதலுக்கு முன் இயந்திரத்துக்கு முழுப் பணம் கட்டிவிட்டால் அது கடனோடு இணைந்த மானியத்துக்குள் வராது. வங்கி நேரடியாக விற்பனையாளருக்கே பணம் அனுப்பும். 10 லட்சம் வரையிலான சிறு தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால், பிணைக்குப் பதிலாக வங்கிக்கு உத்தரவாதம் தரும் கடன் உத்தரவாத நிதியில் சேர்க்கச் சொல்லுங்கள். தோட்டத்து இலவச மின் இணைப்பில் மில்லை ஓட்டக்கூடாது. 12 கிலோவாட்டுக்குள் இருந்தால் குறுந்தொழிலுக்கான தாழ்வழுத்தக் கட்டணப் பிரிவில் கேட்கலாம். இந்த இணைப்பு தாமதமாவதால்தான் பல யூனிட்கள் தவணை தொடங்கிய பிறகும் இருட்டில் கிடக்கின்றன. கடன் ஒப்புதல் கடிதம் வந்த அன்றே மின் விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.

கோவையில் மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தின் மண்டல மையமும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் சிறுதானிய இயந்திரங்களில் வேலை செய்திருக்கின்றன; வாங்குமுன் அங்கே பார்த்துவிட்டு வருவது நல்லது. எந்த விற்பனையாளரிடமானாலும், கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஊர்ச் சாமையையே இரண்டு மூட்டை கொண்டுபோய் அவர் இடத்தில் ஓட்டச் சொல்லுங்கள். உள்ளே போன எடை, அரிசி, நொய், உமி நீங்காத மணி என நான்கையும் தனித்தனியாகத் தராசில் போட்டு, அந்த எண்களையே கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். இயந்திரம் உங்கள் ஷெட்டுக்கு வந்த பிறகு அதே எண்கள் வரும்வரை கடைசி 10 சதவீதத்தை விடுவிக்க வேண்டாம் என்று வங்கிக்கும் எழுத்தில் சொல்லிவையுங்கள்.